மோட்டார் ஸ்டார்ட்டரில் பழுது காணும் முறை

கிணற்றடியில் மோட்டார் ஓடாமல் நின்றுவிட்டால், பழுது மோட்டாருக்குள்தான் இருக்கவேண்டும் என்று எண்ணி, அதைக் கழற்றி வண்டியிலேற்றிப் பட்டறைக்கு அனுப்பிவிடுவதைப் பல ஊர்களில் காண்கிறோம். பயிர் வாடிக்கொண்டிருக்கும் வேளையில் நாட்கள் வீணாகின்றன. மோட்டார் குறையேதுமின்றித் திரும்பி வருகிறது. மாட்டியபின் மீண்டும் ஓட மறுக்கிறது. உண்மையான பழுதோ சுவரில் தொங்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள், தளர்ந்துபோன ஒரு சிறு கம்பியில் இருக்கிறது.

நேரடி ஸ்டார்ட்டரில் இரண்டு மின்சுற்றுகள் உள்ளன. முதலாவது, மும்முனை மின்சாரத்தை மோட்டாருக்குக் கொண்டுசெல்லும் பெருஞ்சுற்று. 5 குதிரைத்திறன் மோட்டாராயின் முழுச் சுமையில் இதில் ஏறக்குறைய 7.5 ஆம்பியர் ஓடும். மற்றது கட்டுப்பாட்டுச் சுற்று. இதில் ஓடுவது ஆம்பியரில் ஒரு சிறு பின்னமே. இது ஒரு பேஸிலிருந்து புறப்பட்டு, நிறுத்தும் பொத்தான், தொடங்கும் பொத்தான், கான்டாக்டரின் காந்தச் சுருள், ஓவர்லோட் ரிலேயின் தொடுமுனை ஆகியவற்றின் வழியாக மற்றொரு பேஸைச் சென்றடைகிறது. தயாரிப்பாளரைப் பொறுத்து வரிசை சிறிது மாறலாம்.

தொடங்கும் பொத்தானுக்கு இணையாக, கான்டாக்டரோடு சேர்ந்து அசையும் துணைத் தொடுமுனை ஒன்று உண்டு. சுருள் இழுத்தவுடன் இது மூடிக்கொள்வதால், விரலை எடுத்த பின்னரும் சுற்று அறுபடுவதில்லை. மின்சாரம் நின்றால் கான்டாக்டர் விடுபடும். மின்சாரம் திரும்பினாலும் மோட்டார் தானாக ஓடாது. ஆகவே, பொத்தானை அழுத்தும்வரை ஓடி, விட்டவுடன் நின்றுவிடும் மோட்டாரில் வேறு எதையும் தேடவேண்டியதில்லை. துணைத் தொடுமுனையையும் அதன் இரு கம்பிகளையும் பார்த்தால் போதும். பொத்தானில் குச்சியைச் செருகிக் காரியத்தை நடத்திக்கொள்வோர் இருக்கின்றனர். மின்சாரம் நின்றபோது பெல்ட்டைச் சரிசெய்யக் கைவைத்தவர், அது திரும்பும் கணத்தில் கையை இழக்க நேரிடும். அக்குச்சியைக் கண்டவுடன் எடுத்தெறிவது களப்பணியாளரின் கடமை.

பொத்தானை அழுத்தியும் அசைவே இல்லையென்றால் என்ன செய்வது? பலரும் நியான் டெஸ்டரை எடுத்து முனை முனையாகத் தொடுகின்றனர். எங்கும் விளக்கு எரிகிறது; எல்லாம் சரியென்று முடிவு செய்கின்றனர். இது பெரும் ஏமாற்றம். சுற்றின் இரு கோடிகளும் பேஸ்களே. நடுவில் எங்கேனும் அறுபட்டிருந்தால், அறுப்புக்கு இப்பக்கம் ஒரு பேஸும், அப்பக்கம் சுருளின் வழியாக மற்றொரு பேஸும் வந்து நிற்கும். டெஸ்டர் இரு பக்கமும் எரியத்தானே செய்யும்? நியூட்ரலை நாடும் வீட்டு விளக்குச் சுற்றில் பழகிய கை இங்குதான் தவறுகிறது.

முதலில் ஓவர்லோட் ரிலே விழுந்திருக்கிறதா என்று பார்த்து, அதன் மீட்புப் பொத்தானை அழுத்திப் பார்க்கவேண்டும். பின்னர் மின்சாரத்தை முற்றிலும் துண்டித்து, பியூஸ்களை அகற்றி, ஓம்மானியால் சோதிப்பதே பாதுகாப்பானது. நிறுத்தும் பொத்தானும் ரிலேயின் தொடுமுனையும் தொடர்ச்சி காட்டவேண்டும். தொடங்கும் பொத்தான் அழுத்தினால் மட்டுமே காட்டவேண்டும். சுருள் அளவான ஒரு தடையைக் காட்டும். முள் அசையவே இல்லையென்றால் சுருள் அறுந்துவிட்டது.

மின்சாரம் உள்ளபோது சோதிப்பது தவிர்க்கவியலாதாயின், பயிற்சி பெற்றவர், மோட்டாருக்குச் செல்லும் மூன்று கம்பிகளையும் கழற்றிவிட்டு, வோல்ட்மானியால் செய்யவேண்டும். மானியின் ஒரு முனையை இரண்டாவது பேஸில் நிலையாக வைத்து, மற்றதை முதல் பேஸிலிருந்து சுற்றின் வரிசைப்படி நகர்த்துக. தொடங்கும் பொத்தானைக் கடக்கும்போது அதை அழுத்தியிருக்கவேண்டும். 415 வோல்ட் எவ்விடத்தில் மறைகிறதோ அதற்கும் முந்திய இடத்துக்கும் இடையே அறுப்பு உள்ளது. சுருளின் நுழைவாய் வரை அளவு குறையாமல் வந்தால், நிலையான முனையைச் சுருளின் மறுகோடிக்கு மாற்றுக. அங்கும் 415 இருந்தும் கான்டாக்டர் இழுக்கவில்லையெனில் சுருள் கெட்டது, அல்லது காந்தத்தின் அசையும் பகுதி சிக்கிக்கொண்டது. அளவு மறைந்தால் பழுது ரிலேயின் பக்கம்.

கான்டாக்டர் கடகடவென்று அதிர்வது வேறொரு நோய். நீண்ட மின்பாதையின் கோடியில் அழுத்தம் 350 வோல்ட்டுக்கும் கீழே இறங்குவது அடிக்கடி இதற்குக் காரணம். காந்தத்தின் முகங்களில் தூசியோ துருவோ படிந்திருந்தாலும் இது நேரும். ஆசிரியர்கள் மாணவருக்குக் காட்டத்தக்க நுட்பம் ஒன்று இங்கு உண்டு. 50 சுழற்சி மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 100 முறை சூனியத்தை அடைகிறது. அக்கணங்களில் காந்தம் பிடியை விடாதிருக்க, அதன் முகத்தில் சிறு செப்பு வளையம் பதித்திருக்கிறார்கள். அவ்வளையம் உடைந்தால் அதிர்வு ஓயாது. புதுச் சுருள் வாங்கும்போது அதில் பொறித்துள்ள வோல்ட்டையும் படிக்கவேண்டும். 240 வோல்ட் சுருளை இரு பேஸ்களுக்கிடையே இணைத்தால் அது விரைவில் கருகிவிடும்.

சுருளுக்கு மின்சாரம் அளிக்காத மூன்றாவது பேஸில் பியூஸ் போய்விட்டால், கான்டாக்டர் விடுபடுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் முனகியவாறே தொடர்ந்து ஓடும். எஞ்சிய இரு பேஸ்களிலும் மின்னோட்டம் ஏறக்குறைய 1.7 மடங்காகும், அதாவது 7.5 ஆம்பியர் 13 ஆகிறது. ரிலேயை மோட்டாரின் தகட்டிலுள்ள அளவுக்கு அமைத்திருந்தால் அது சிறிது நேரத்தில் சுற்றைத் துண்டித்துக் காப்பாற்றும். அடிக்கடி விழுகிறதே என்று சலித்து 14 ஆம்பியருக்குத் திருப்பி வைத்திருந்தால், மோட்டாரின் சுருணைகள் எரியும்வரை அது வாளாவிருக்கும். பியூஸைப் புதுப்பித்தபின், மூன்று கம்பிகளிலும் டாங் டெஸ்டரால் மின்னோட்டத்தை அளந்து, மூன்றும் ஏறத்தாழச் சமமாயிருப்பதைக் கண்டபிறகே பெட்டியை மூடவேண்டும்.