சுகமாக்குவது வேறு, மாற்றியமைப்பது வேறு



ஹீமோஃபிலியா என்பது காயம்பட்டால் இரத்தம் எளிதில் உறையாத பரம்பரை நோய். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அந்நோய் கடுமையாக இருந்த 5 பேருக்கு மரபணு சிகிச்சை அளித்த விவரம் 2024 டிசம்பரில் வெளியானது. அவர்களுடைய இரத்த மூல உயிரணுக்களை எடுத்து, குறைவான மரபணுவைச் சேர்த்து, அவர்களுக்கே திரும்பச் செலுத்தினார்கள். கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் இரத்தக்கசிவு வரவில்லை. கேட்கவே மனம் நிறைகிறது!

அப்படியானால் பிறக்கப்போகும் பிள்ளையின் மரபணுவையும் நமக்கு வேண்டியபடி திருத்தலாமே என்று தோன்றும். 2018இல் சீனாவில் ஹே ஜியான்குய் அதைத்தான் செய்தார். எச்.ஐ.வி. தொற்றாதபடி கருக்களின் மரபணுவை மாற்றினார். இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. அந்தக் கருக்களுக்கு நோயே இல்லை. 2019இல் அவருக்கு 3 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

வேலூர் சிகிச்சையிலும் ஆபத்து உண்டு. முதலில் கடுமையான மருந்தால் எலும்பு மஜ்ஜையை வெறுமையாக்க வேண்டும். நோயால் வருந்துகிறவர் விவரம் கேட்டு, சம்மதித்து அதை ஏற்கிறார். மாற்றமும் அவரோடு நின்றுவிடும். கருவில் செய்வதோ பேரப்பிள்ளைகள் வரை போகும். பாகூர் விவசாயி விதைநெல் சரியில்லையென்றால் அடுத்த போகத்தில் மாற்றிக்கொள்வார். பிள்ளை விஷயத்தில் அது முடியுமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள், சந்ததிக்குக் கடத்தப்படும் மரபணு சிகிச்சையை நம் நாட்டில் தடைசெய்கின்றன.