ஒரே கூட்டில் இரண்டு எறும்பு இனங்கள்

வேறு புற்று எறும்பு எதிர்ப்பட்டால் வாசனையிலேயே கண்டுபிடித்துக் கடிக்கப் பாய்வதுதான் எறும்புகளின் வழக்கம். இனமே வேறு என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் அமேசான் காடுகளில் இரண்டு இனங்கள் ஒரே கூட்டில் குடியிருக்கின்றன. இரை தேட ஒரே தடத்தில் போய்வருகின்றன. ஒன்று நம் கட்டெறும்பின் பேரினத்தைச் சேர்ந்த காம்பொனோட்டஸ் ஃபெமோரேட்டஸ். மற்றது அதைவிடச் சிறிய கிரெமட்டோகாஸ்டர் லெவியர். இப்படிப்பட்ட கூட்டுக் குடித்தனத்துக்கு ‘பாராபயோசிஸ்’ என்று 1898இல் பெயர் வைத்தவர் சுவிட்சர்லாந்து அறிஞர் ஆகஸ்ட் ஃபோரல்.

கூடு மரக்கிளையில் பந்துபோல் இருக்கும். பெரிய எறும்பு சில செடிகளின் விதைகளைத் தூக்கிவந்து அதில் பதிக்கிறது. விதை முளைத்து வேர் ஓடிக் கூட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது; மழையில் கரையாமல் காப்பது அந்த வேர்தான். உள்ளே முட்டையும் புழுவும் மட்டும் தனித்தனி அறைகளில்.

சாப்பாட்டில்தான் உரசல். இரையைப் பெரும்பாலும் முதலில் மோப்பம் பிடிப்பது சிறிய எறும்பு. பெரிய தீனியாக இருந்தால் பெரிய எறும்பு வந்து அதை விரட்டிவிட்டுத் தான் எடுத்துக்கொள்ளும். இத்தனைக்குப் பிறகும் சிறியது ஏன் பிரிந்து போவதில்லை? கூட்டைத் தொட்டவர் மேல் பாய்ந்து கடித்து, கடிவாயில் அமிலம் பாய்ச்சுவது பெரிய எறும்பு. அந்தக் காவலும் அது போட்ட தோட்டமும் சிறியதற்குக் கிடைக்கின்றன. இழப்பு உண்டு, என் கணக்கில் வரவுதான் அதிகம்.

எல்லா இனங்களும் இப்படி ஒண்டிக்குடித்தனம் நடத்துவதில்லை. சிலவற்றுக்கு வேகம், சிலவற்றுக்குப் பலம்: முந்தி வருவது கிடைத்ததை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும், பிந்தி வருவது படையோடு வந்து மிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவின் மேரிலாந்து காட்டு எறும்புகளிடம் இதைக் கண்டு 1987இல் ஓர் ஆய்வாளர் எழுதினார். ஸ்பெயினில் வெயிலே பங்கு பிரிக்கிறது. வலுத்த இனங்கள் சூடு தாங்காமல் ஒதுங்கும் நடுப்பகலில், கேட்டாக்ளிஃபிஸ் என்ற நீண்ட கால் எறும்பு வெளியே வந்து, வெயிலில் செத்துக் கிடக்கும் பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு போகிறது.

உங்கள் வீட்டுத் திண்ணையில் கொஞ்சம் வெல்லம் வைத்துப் பாருங்கள். எது முதலில் வருகிறது, கடைசியில் எது நிற்கிறது என்று கவனியுங்கள். காலையில் ஒரு முறை, உச்சிவெயிலில் ஒரு முறை பார்ப்பது நல்லது.