தண்ணீரில் இருந்து கிளம்பும் விமானம்: அந்த அரை நிமிடம்தான் கண்டம்!

ஆரணி: மூணாறுக்கு வேன் பிடித்து டூர் போய் வந்த ஆரணிக்காரர்களுக்கு மாட்டுப்பெட்டி அணை தெரிந்திருக்கும். ஸ்பீடு போட் ஓடும் அந்த அணைத் தண்ணீரில் 2024 நவம்பர் 11-ந்தேதி ஒரு விமானமே வந்து இறங்கியது. கொச்சியில் இருந்து சோதனை ஓட்டமாக வந்த 'கடல் விமானம்' அது. அடியில் படகு மாதிரி இரண்டு மிதவைகள் இருக்கும்.

அடுத்த 2 மாதத்துக்குள் ஆஸ்திரேலியாவில் ஒரு சோகம். பெர்த் நகருக்கு அருகே உள்ள ராட்னெஸ்ட் தீவில் 2025 ஜனவரி 7-ந்தேதி இதே ரக மிதவை வைத்த செஸ்னா விமானம் 7 பேருடன் கடலில் இருந்து கிளம்பியது. மேலே எழும்பிய வேகத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இறக்கை தண்ணீரில் மோதி மூழ்கியது. விமானி உள்பட 3 பேர் பலி. மற்ற 2 பேர் சுவிட்சர்லாந்து, டென்மார்க்கில் இருந்து வந்த சுற்றுலா பயணிகள்.

தரையில் ஓடும் விமானத்துக்கு இல்லாத தொல்லை இதில் என்ன?

தண்ணீர் லேசில் விடாது. சாயப்பட்டறை தரையில் நனைந்த துணி ஒட்டிக் கொண்டால் எப்படி? ஓரத்தை தூக்கி காற்று விட்டால்தான் வரும். மிதவையும் அப்படித்தான். அதற்காகவே மிதவையின் அடியில் நடுவில் ஒரு படி வெட்டி விடுகிறார்கள். அந்த இடத்தில் காற்று புகுந்து பிடியை விடுவிக்கும். முதலில் தண்ணீரை கிழித்துக்கொண்டு தத்தளிக்கும் விமானம், வேகம் பிடித்ததும் தண்ணீர் மேலேயே வழுக்கி ஓடும். ஏரியில் ஓட்டாஞ்சில்லு எறிந்து தவளை விடுவது போல. அதன் பிறகுதான் பறக்க முடியும்.

அலை பெரிதாக இருந்தால் மூக்கு மேலும் கீழும் குதிக்கும். பலத்த காற்று ஒரு இறக்கையை தூக்கி விடும். அவசரப்பட்டு வேகம் வரும் முன்பே மேலே இழுத்தால் ஒரு பக்கம் சரிந்து விழும். சரி, அலையே இல்லை என்றால்? அதுவும் வம்புதான். கண்ணாடி போல கிடக்கும் தண்ணீர் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். வட்டமடித்து தானே அலை கிளப்பிவிட்டு கிளம்பும் விமானிகளும் உண்டு. பிரேக் என்பதே கிடையாது.

தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்லை. 2-ம் உலகப்போரின்போது சென்னை செங்குன்றம் ஏரியில் இருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினா பறக்கும் படகுகள் கிளம்பின. குஜராத்தில் சபர்மதி ஆற்றில் 2020 அக்டோபர் 31-ந்தேதி தொடங்கிய சேவை சில மாதங்களிலேயே நின்று போனது.

மோதியதில் செத்தவர்களை விட உள்ளே சிக்கி மூழ்கியவர்கள்தான் கொடுமை. 2009 நவம்பர் 29-ந்தேதி கனடாவின் சட்டுர்னா தீவில் கிளம்பிய சிறிய விமானம் விழுந்தது. 8 பேரில் 6 பேர் பலி. 6 பேருமே மூழ்கித்தான் இறந்தனர். மோதலில் கதவுகள் இறுகிக் கொண்டன.

இதில் ஏறுபவர்கள் உட்கார்ந்ததும் முதல் வேலையாக கதவு எந்தப் பக்கம், கைப்பிடி எப்படித் திறக்கும் என்று தடவிப் பார்த்து வைக்க வேண்டும். கவிழ்ந்தால் தலைகீழாக, இருட்டில் தேட வேண்டி வரும். உயிர்காக்கும் ஜாக்கெட்டை போட்டிருக்கலாம், ஆனால் உள்ளே இருக்கும்போது காற்று நிரப்பக்கூடாது. நிரப்பினால் அது ஆளை மேலே தூக்கி அங்கேயே நிறுத்திவிடும், குனிந்து கதவுக்கு வர முடியாது. 1996-ல் கொமோரோஸ் தீவு அருகே கடலில் விழுந்த எத்தியோப்பிய விமானத்தில் பலர் இப்படித்தான் மாட்டிக்கொண்டு இறந்தனர். வெளியே வந்த பிறகே கயிறை இழுக்க வேண்டும்.