பூட்டியின் குரல் எங்கே போனது?

கடந்த மார்கழி விடுமுறையில் ஸ்காபுறோவில் இருந்து மொன்றியலுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். ஏறத்தாழ 540 கிலோமீற்றர். பின் சீற்றில் அப்பாவும் என் ஏழு வயது மகளும். வழியில் கேட்பதற்கென்று அக்காவின் அரங்கேற்ற டிவிடியில் இருந்து ஒலியை மட்டும் பிரித்து யூஎஸ்பியில் போட்டு வந்திருந்தேன்.

2006இல் நடந்த அரங்கேற்றம் அது. முடிவில் அப்பம்மா மேடையேறி, மைக்கைப் பிடித்து இரண்டு நிமிடம் வாழ்த்திப் பேசினா. 2011இல் அவ போய்விட்டா. அவவின் குரல் எங்களிடம் இருப்பது அந்த ஒரு டிவிடியில் மட்டும்தான். மகளுக்கு அவ பூட்டி. படத்தில் மட்டும் கண்ட பூட்டி.

மிருதங்கம் வந்தது, வயலின் வந்தது. பாடியவரின் குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல இருந்தது. அப்பம்மா பேசும் இடம் வந்தது. கைதட்டல், பிறகு ரோட்டுச் சத்தத்துக்குள் ஒரு முணுமுணுப்பு, திரும்பவும் கைதட்டல்.

"பூட்டி ஒண்டும் சொல்லேல்லையே?" என்றாள் மகள்.

"டிவிடி பழுதாப் போச்சோ?" அப்பாவின் குரலில் பயம் தெரிந்தது.

டிவிடி பழுதாகவில்லை. பிழை நான் விட்டது.

ஆறு தடங்கள், இரண்டு பக்கங்கள்

அந்த நாட்களில் பல வீடியோக்காரர்கள் விழாக்களை 5.1 ஒலியில் செய்து கொடுத்தார்கள். அதில் ஆறு தனித்தனித் தடங்கள் உண்டு: முன் இடது, முன் வலது, நடு, அடித்தொனி, பின் இடது, பின் வலது. அடித்தொனிக்கு முழுத் தடம் தேவையில்லை என்பதால்தான் அது '.1'. பேச்சும் பாட்டும் பெரும்பாலும் நடுத் தடத்தில் இருக்கும். வீட்டில் ரீவிக்கு அடியில் நடு ஸ்பீக்கரை வைப்பது இதற்காகத்தான்.

காரில் எத்தனை ஸ்பீக்கர் இருந்தாலும், யூஎஸ்பியில் இருந்து வாசிக்கும்போது பெரும்பாலான கார்கள் இடது, வலது என்ற இரண்டு தடங்களைத்தான் எதிர்பார்க்கும். டொல்பி டிஜிட்டல், டிடிஎஸ் வடிவக் கோப்புகளைப் பல கார்கள் திறக்கவே திறக்காது. அதனால் ஆறையும் இரண்டாகக் கலக்க வேண்டும். நான் அவசரத்தில் பயன்படுத்திய இலவசச் செயலி கலக்கவில்லை. முதல் இரண்டு தடங்களை எடுத்துக்கொண்டு மற்ற நான்கையும் எறிந்துவிட்டது. எறிந்ததில் ஒன்றுதான் அப்பம்மா.

நான் திருத்திய விதம்

முதலில் விஎல்சி பிளேயரில் கோப்பைத் திறந்து, கோடெக் விவரத்தைப் பாருங்கள். '3எஃப்2ஆர்/எல்எஃப்ஈ' என்று இருந்தால் அது 5.1. 'ஸ்டீரியோ' என்று இருந்தால் இந்த வேலை ஒன்றும் தேவையில்லை.

அடுத்து, ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறக்கலாம். அதற்கு எஃப்எஃப்எம்பெக் நூலகத்தையும் சேர்த்து நிறுவ வேண்டும். ஆறு தடங்களும் ஒன்றின் கீழ் ஒன்றாக வரும், மேலே சொன்ன அதே வரிசையில். ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டு உறுதி செய்யுங்கள். மூன்றாவது தடத்தை மட்டும் போட்டபோது, பின்னால் வாத்தியம் எதுவும் இல்லாமல், அப்பம்மா தெளிவாகக் கதைத்தா.

பிறகு முன் இடது, பின் இடது இரண்டையும் முழுக்க இடப்பக்கம் தள்ளுங்கள். வலதுக்கும் அப்படியே. நடுவை நடுவிலேயே விடுங்கள். நடுவையும் பின் தடங்களையும் 3 டெசிபல் குறைத்துக் கலப்பதுதான் பொதுவான கணக்கு. காரில் ரோட்டுச் சத்தம் பேச்சை விழுங்கிவிடும் என்பதால் நான் நடுவைக் குறைக்கவில்லை. பின் தடங்களை 6 டெசிபல் குறைத்தேன். அடித்தொனித் தடத்தை அணைத்துவிட்டேன். கலக்கும்போது அதை விட்டுவிடுவது வழமைதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தடங்கள் கூடும்போது சத்தம் எல்லையைத் தாண்டும். அப்படியே சேமித்தால் கைதட்டல் வரும் இடங்களில் கரகரக்கும். எனவே முதலில் ஒன்றாகக் கலந்து, பிறகு உச்சம் -1 டெசிபலில் நிற்கும்படி 'நார்மலைஸ்' செய்து, அதன்பிறகு எம்பி3 ஆகச் சேமியுங்கள். 192 அல்லது 256 கேபிபிஎஸ் போதும்.

யூஎஸ்பி விஷயத்திலும் கவனம். பல கார்களுக்கு 'ஃபாட்32' வடிவம்தான் விளங்கும். 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த யூஎஸ்பி வாங்கினால் தலையிடி இல்லை. தமிழில் வைத்த கோப்புப் பெயர்கள் சில கார்த் திரைகளில் வெறும் கட்டங்களாகத் தெரியும். 01, 02 என்று எண் போட்டு ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பது நல்லது.

இது நம் வீட்டு வீடியோக்களுக்கான வழி. கடையில் வாங்கிய பட டிவிடிகளில் பூட்டு இருக்கும். அதை உடைப்பது பல நாடுகளில் சட்டப்படி தவறு.

திரும்பி வரும்போது

மொன்றியலில் மச்சானின் மடிக்கணினியில் இவ்வளவும் செய்ய ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. முழு டிவிடியையும் புறப்படமுன் என் கணினியில் நகல் எடுத்து, ஒரு டிரைவில் கொண்டு போயிருந்தது நல்லதாய்ப் போச்சு.

திரும்பும் வழியில் கிங்ஸ்ரன் தாண்டியதும் போட்டேன். கைதட்டல் அடங்கியது. தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு அந்தக் குரல். அப்பா ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும், "இன்னொருக்காப் போடு" என்றார். நான்கு தரம் போட்டோம்.

நான்காம் தரம் மகள் கேட்டாள்: "அப்பப்பா, 'பவுத்திரமா' எண்டா என்ன?"

படித்த நடனத்தைப் பவுத்திரமாய் வைத்திரு என்று அப்பம்மா அக்காவுக்குச் சொல்லியிருந்தா. நான் அந்தச் சொல்லைப் பாவித்தே எத்தனையோ வருடம். அப்பா மகளுக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார். பெல்வில் தாண்டும்வரை அந்தக் கதை ஓடியது.

உங்கள் பேஸ்மென்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். டிவிடிகள் காலத்தோடு பழுதாகும். புது மடிக்கணினிகளில் டிவிடி போட இடமே இல்லை. இந்த வார இறுதியில் ஒன்றையாவது எடுத்து, முழுதாக நகல் எடுத்து, இரண்டு இடத்தில் வையுங்கள். கார் நகலை எப்போதும் திரும்பச் செய்துகொள்ளலாம். ஆறு தடங்களும் உள்ள மூலப் பிரதியை மட்டும் அழித்துவிடாதீர்கள்.