தேசப் பாதுகாப்பும் உபாயப் பத்திரமும்

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகைக்கு அரக்கோணம் அதிக தூரமன்று. அங்கே 1992-ம் வருஷத்தில் ஏற்பட்ட ‘ராஜாளி’ என்னும் கடற்படை விமானத் தளத்தை நமது நேயர்கள் அறிவார்கள். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிக் காணும் ‘பி-8ஐ’ விமானங்கள் 2013-ல் அங்கு வந்து சேர்ந்தன. இவ்விமானங்கள் எத்தனை வேண்டும்? அப்பணத்தை வட எல்லைக் காவலுக்குச் செலவிடுவது மேலாகாதா? இக்கேள்விகளுக்குத் தளபதிகள் மட்டும் விடை கூற இயலாது. எந்த அபாயம் முதன்மையானது என்பதைச் சர்க்கார் தீர்மானித்து எழுத்தில் வைத்தாலன்றி, படைகள் தத்தம் மனம்போல் ஆயுதம் கேட்கும். பொக்கிஷமும் மனம்போல் கொடுக்கும்.

அமெரிக்காவில் 1986-ம் வருஷத்துச் சட்டப்படி, ஜனாதிபதி தேசப் பாதுகாப்பு உபாயத்தை எழுதி அந்நாட்டுச் சட்டசபைக்கு அனுப்பக் கடமைப்பட்டவர். அதை அனுசரித்துப் பாதுகாப்பு மந்திரி ராணுவ உபாயத்தை வகுக்கிறார். படைகளின் அளவு, ஆயுதம், செலவு ஆகியவற்றுக்கு அதுவே வழிகாட்டி. பயங்கரவாதத்தைவிடச் சீனா, ருஷ்யா போன்ற வல்லரசுகளின் போட்டியே பிரதான கவலை என்று 2018-ம் வருஷத்துப் பத்திரம் பகிரங்கமாகக் கூறிற்று.

நம் தேசத்திலோ, சுதந்திரம் பெற்று 75 வருஷங்கள் கழிந்தும் அத்தகைய பத்திரம் ஜனங்கள் முன் வைக்கப்படவில்லை. கார்கில் யுத்தத்துக்குப் பின், 1999-ல் கே. சுப்ரமணியம் தலைமையில் அமைந்த கமிட்டி, பாதுகாப்பு முறை முழுவதையும் பரிசீலிக்க வேண்டுமென்றது. 2009-ல் ராணுவ மந்திரி படைகளுக்கு அளித்த உத்தரவு இரகசியமாகவே உள்ளது. 2018-ல் ஏற்பட்ட பாதுகாப்புத் திட்டக் கமிட்டியிடம் உபாயப் பத்திரத்தின் நகலைத் தயாரிக்கும் வேலை ஒப்புவிக்கப்பட்டது. 2020-ல் முப்படைகளுக்கும் ஒரு தலைமைத் தளபதி வந்தார். மாலுமி நியமனமாகிவிட்டான்; சேரவேண்டிய துறை எதுவென்று பிரயாணிகளுக்கு இன்னும் சொல்லியாகவில்லை.

பத்திரத்தை வெளியிட்டால் சத்துருக்கள் நம் இரகசியத்தை அறிவார்களே என்பர் சிலர். 2018-ல் அமெரிக்கர் வெளியிட்டது சுருக்கம் மட்டுமே. விவரங்களை மறைத்தே வைத்தனர். நாமும் அவ்வாறு செய்யத் தடை என்ன? திருவள்ளுவர் தெரிந்து செயல்வகையை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அதிகாரங்களை வகுத்தார். உபாயப் பத்திரம் கூறவேண்டியவை இம்மூன்றுமே என்பது நமது அபிப்பிராயம்.

வரி கொடுப்பவன் குடியானவன். படைக்குப் பிள்ளையை அனுப்புகிறவனும் அவனே. எதற்காக என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டு. அதற்கு விடையைப் பார்லிமெண்டின் முன் வைப்பது சர்க்காரின் கடமை. நமது பிரதிநிதிகள் அதை வற்புறுத்திக் கேட்பார்களாக.