தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் நிக்கிறீங்க?

இன்னைக்கு எபிசோட் ரயில் பைத்தியங்களுக்கு. வண்டி எண்ணைச் சொன்னா பேரைச் சொல்றவங்க, ஹாரன் சத்தத்தை வெச்சே எந்த இன்ஜின்னு கண்டுபிடிக்கிறவங்க. நானும் அந்தக் கூட்டம்தான். அதனால என் மேலேயே ஒரு புகாரோட ஆரம்பிக்கிறேன்.

காலேஜ் மூணாவது வருஷம். ஊர் பேரு வேண்டாம், ஒரு சின்ன ஸ்டேஷன். 10 ரூபாய் கொடுத்து பிளாட்ஃபார்ம் டிக்கெட் எடுத்தாச்சு. பிளாட்ஃபார்ம் முடியுற இடத்துல சரிவுல இறங்கி, ஜல்லிக்கல் மேல கொஞ்ச தூரம் நடந்து, வளைவுல கேமராவோட உக்காந்துட்டேன். எக்ஸ்பிரஸ் சாய்ஞ்சு வர்றதை எடுக்கணும், அதான் ஆசை. வண்டி வந்துச்சு. விடாம ஒரு நீள ஹாரன். போட்டோ பிரமாதமா வந்துச்சு. திரும்பிப் பார்த்தா, பின்னாடி ஒரு காவலர்.

"டிக்கெட் இருக்கு சார்."

"அது பிளாட்ஃபார்முக்கு தம்பி. நீ இப்போ பிளாட்ஃபார்ம்லயா நிக்கிற?"

திட்டிட்டு விட்டுட்டார். ஆனா எனக்கு ரொம்ப நாள் கோவம். தினம் எத்தனை பேர் தண்டவாளத்தைத் தாண்டுறாங்க, ரயிலை இவ்ளோ நேசிக்கிற என்னைப் பிடிக்கிறாரேன்னு. பல வருஷம் கழிச்சு சட்டத்தை எடுத்துப் படிச்சப்போதான், அவர் சொன்ன ஒரு வரியில மொத்த விஷயமும் இருந்ததுன்னு புரிஞ்சது.

1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம், பிரிவு 147. உரிய அனுமதி இல்லாம ரயில்வேயின் எந்தப் பகுதிக்குள்ள நுழைஞ்சாலும் குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். தகுந்த காரணத்தைத் தீர்ப்புல எழுதாம, நீதிமன்றம் 500 ரூபாய்க்குக் கீழே அபராதம் போட முடியாது.

இதுல கவனிக்க வேண்டியது, சட்டத்துல இல்லாத ஒரு சொல். நோக்கம். சாதாரண குற்றவியல் அத்துமீறல், அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 441, இப்போ பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 329, உங்க நோக்கத்தைக் கேக்கும். குற்றம் செய்யவோ, மிரட்டவோ, தொல்லை கொடுக்கவோதான் உள்ள போனீங்களான்னு பாக்கும். பிரிவு 147 அதைக் கேக்கவே கேக்காது. கோட் எழுதுறவன் பாஷையில சொன்னா, அந்த இஃப் கண்டிஷன்ல 'நோக்கம்'னு ஒரு வேரியபிளே இல்ல. எங்க நிக்கிற, அனுமதி இருக்கா, அவ்ளோதான். திருட வந்தவனும் ஒண்ணு, வேப்-7 இன்ஜினைப் படம் பிடிக்க வந்தவனும் ஒண்ணு.

"வேலியே இல்லையே, எனக்கு எப்படித் தெரியும்?"னு கேக்கலாம். 'ரயில்வே'ங்கிற சொல்லுக்கு அந்தச் சட்டம் தர்ற அர்த்தத்துல தண்டவாளம் மட்டும் இல்ல. வேலிக்கோ எல்லைக் குறிகளுக்கோ உட்பட்ட நிலமும் சேர்த்தி. அதனால வேலி இல்லாத இடத்துல ஓரமா இருக்கிற எல்லைக்கல்லைத் தேடுங்க.

இன்னொண்ணு. டிக்கெட் வாங்கி சரியான இடத்துல நின்னாலும், ரயில்வே சொத்தைத் தவறா பயன்படுத்தினாலோ, வெளியே போகச் சொல்லியும் போகாம நின்னாலோ, அதே 147 பாயும். ரயில்வே ஊழியர் உங்களை வெளியேத்தவும் அதிகாரம் இருக்கு. பிளாட்ஃபார்ம் டிக்கெட்டுக்கு 2 மணி நேரம்தான் கணக்கு. அதுக்கு மேல நின்னு வாதாடினா நியாயம் உங்க பக்கம் இல்ல. அதே சமயம், இந்தப் பிரிவுல கேமராங்கிற சொல்லே கிடையாது. படம் எடுக்கிறதுக்கான விதிகள் தனி. வியாபார ஷூட்டிங்னா ரயில்வேகிட்ட முன்அனுமதி வாங்கணும்.

சரி, இவ்ளோ கறாரா ஏன்? கொஞ்சம் கணக்கு போடுவோம்.

நம்ம அகலப்பாதையில ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 1,676 மில்லிமீட்டர். எல்எச்பி பெட்டியோட அகலம் 3.24 மீட்டர். அப்போ தண்டவாளத்தோட உள்விளிம்புல இருந்து ஒவ்வொரு பக்கமும் சுமார் 78 சென்டிமீட்டர் பெட்டி வெளியே நீட்டிட்டு வருது. வ்யூஃபைண்டர்ல கண்ணை வெச்சவனுக்கு அந்த 78 தெரியாது. 110 கிலோமீட்டர் வேகத்துல வண்டி ஒரு செகண்டுக்கு 30 மீட்டர் வரும். அவசர பிரேக் போட்டாலும் நிக்கிறதுக்குப் பல நூறு மீட்டர் ஆகும். ஒரு வண்டியோட சத்தத்துல எதிர்ப் பாதையில வர்ற இன்னொரு வண்டி காதுல விழாமலே போயிடும். தலைக்கு மேல கம்பியில 25,000 வோல்ட். தொடணும்னு இல்ல, கிட்டப் போனாலே பாயும். செல்ஃபி ஸ்டிக்கை உயர்த்துறவங்க இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஆனா என்னை மாத்தினது இந்தக் கணக்கு இல்ல. நண்பனோட அப்பா ரிட்டயர்டு லோகோ பைலட். அவர்கிட்ட அந்த வளைவு போட்டோவைப் பெருமையா காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டே இருந்தார். "படம் நல்லா இருக்குப்பா. ஆனா வண்டியில இருந்து பாக்கும்போது, ஓரமா உக்காந்திருக்கிறவன் ரசிக்க வந்தவனா, சாக வந்தவனான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஹாரன் அடிச்சுட்டு, கையை பிரேக் மேல வெச்சுட்டு, சாமியைக் கும்பிடுறதைத் தவிர நான் வேற என்ன பண்ணட்டும்?" அவர் சர்வீஸ்ல அடிபட்டவங்க எத்தனை பேர்னு நான் கேக்கல. அவரும் சொல்லல.

சட்டத்துல நோக்கம் ஏன் இல்லைன்னு அன்னைக்குப் புரிஞ்சது. கேபின்ல இருக்கிறவருக்கு என் நோக்கம் தெரியாது. தெரிஞ்சுக்க நேரமும் கிடையாது.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்ல. 2016 பிப்ரவரி 25, புகழ்பெற்ற 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன்' நீராவி இன்ஜின் புதுப்பிக்கப்பட்டு லண்டன்ல இருந்து யார்க்குக்குக் கிளம்புச்சு. படம் எடுக்க ஜனங்க தண்டவாளத்துல இறங்கினதால, வழியில வண்டியை நிறுத்த வேண்டியதாப் போச்சு. நேசிச்சவங்களே நிறுத்திட்டாங்க! ஆனா பிரிட்டன்ல ரயில் ரசிகர்களுக்குன்னே வழிகாட்டு நெறிமுறை இருக்கு: ஃபிளாஷ் கூடாது, டிரைபாட் காலை மஞ்சள் கோட்டுக்குப் பின்னாடி வைக்கணும், ஊழியர்னு டிரைவர் நினைச்சுடாம இருக்க பளிச்னு மின்னுற ஜாக்கெட் நிறத்துல உடுத்தக் கூடாது. "ரசிகனா? வா, ஆனா இங்க நில்லு" என்கிற தொனி. இங்க நமக்குக் கேக்கிறது பெரும்பாலும் "நிக்காதே" மட்டும்தான். 2023 ஜூலையில தூத்சாகர் அருவியைப் பாக்கத் தண்டவாளத்துல கூட்டமா நடந்தவங்களை, பெட்டிக்குள்ள இருந்தே ரசிங்கன்னு 147-ஐச் சொல்லி எச்சரிச்சது தென்மேற்கு ரயில்வே. எச்சரிக்கை சரிதான். கூடவே, நின்னு பாக்க ஒரு இடமும் காட்டினா, தண்டவாளத்துல இறங்குறவங்க குறைவாங்கன்னு நான் நம்புறேன்.

அதுவரைக்கும் நம்ம இடங்கள் இவைதான்: பிளாட்ஃபார்ம்ல மஞ்சள் கோட்டுக்குப் பின்னாடி. மூடின லெவல் கிராசிங் கேட்டுக்கு வெளியே சாலை. மேம்பாலத்தோட நடைபாதை. பாம்பன்ல 1988-ல திறந்த சாலைப் பாலத்துல இருந்து ரயிலைப் பாக்கிறதை விடவா ஒரு காட்சி வேணும்? வளைவுதான் வேணும்னா, எல்லைக்கல்லுக்கு வெளியே நின்னு ஒரு ஜூம் லென்ஸ்.

அந்தப் போட்டோ இன்னும் என் லேப்டாப்ல இருக்கு. அதை எங்கேயும் போட்டதில்ல, இனியும் போட மாட்டேன். பார்த்துட்டு இன்னொருத்தன் அந்த இடத்தைத் தேடிப் போவான், இல்லையா?

உங்க ஊர்ல பாதுகாப்பா, சட்டப்படி ரயில் பாக்க நல்ல இடம் எது? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.