தரையிலிருந்து சுட்டால் குப்பை யார் அள்ளுவது?

இந்த வாரம் ரெக்கார்டிங் எங்க ஊர் உத்திரமேரூர்ல இருந்து. நடுவுல பஸ் ஹாரன் கேட்டா கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

ஹாஸ்டல்ல ஓகேம் விளையாடினவங்க யாராவது இருக்கீங்களா? 2002ல வந்த பிரௌசர் ஸ்பேஸ் கேம். எல்லாரும் கப்பல் கட்டுவாங்க. நான் கிரகத்தோட தரையில காசைக் கொட்டுவேன். ராக்கெட் லாஞ்சர், லேசர், பிளாஸ்மா பீரங்கி. இதெல்லாம் இடத்தை விட்டு நகராது, ஆனா விலை கம்மி. சண்டையில உடைஞ்சாலும் சுமார் 70 சதவீதம் தானா சரியாயிடும்.

தரையில இருந்து அடிக்கிறது மலிவுன்றது கேம்ல மட்டும் இல்லைங்க, நிஜத்துலயும் அப்படித்தான். 300 கி.மீ. உயரத்துல சுத்துற சாட்டிலைட்டுக்கு விநாடிக்கு 7.7 கி.மீ. வேகம் வேணும். அந்த உயரத்தை வெறுமனே தொட்டுட்டு வர, மேல் நோக்கி சுமார் 2.4 கி.மீ. வேகம் போதும். கல்லெறிஞ்சு மாங்கா அடிக்கிற மாதிரிதான். கல் மரத்துல தங்க வேண்டியதில்ல, அந்த நொடி அங்க இருந்தா போதும்.

இந்தியா இதைச் செஞ்சு காட்டிய நாள் 2019 மார்ச் 27. பேரு மிஷன் சக்தி. ஒடிசா கடலோரம் அப்துல் கலாம் தீவுல இருந்து கிளம்பிய டி.ஆர்.டி.ஓ. ஏவுகணை, சுமார் 300 கி.மீ. உயரத்துல நம்மளோட மைக்ரோசாட்-ஆர் சாட்டிலைட்டையே மோதி உடைச்சது. வெடிமருந்து தேவைப்படல. விநாடிக்கு 10 கி.மீ. வேகத்துல மோதினா, ஒவ்வொரு கிலோவும் டி.என்.டி.யை விட பத்து மடங்குக்கு மேல ஆற்றலைக் கொட்டும்.

கேமும் நிஜமும் பிரியிற இடம் இதுக்கு அப்புறம்தான். ஓகேம்ல உடைஞ்ச கப்பலோட உலோகம் அங்கேயே மிதக்கும்; ரீசைக்ளர் அனுப்பி அள்ளிக்கலாம். அதாவது குப்பையே லாபம். நிஜத்துல அப்படி அள்ளுற வண்டி இன்னும் நம்மகிட்ட இல்ல. காத்து உரசி, வேகம் குறைஞ்சு, தானா விழுந்தாத்தான் உண்டு.

அதனால உயரம்தான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. சீக்கிரம் விழட்டும்னுதான் இந்தியா தாழ்வான உயரத்தை எடுத்துச்சு. 45 நாள்ல முடிஞ்சிடும்னு டி.ஆர்.டி.ஓ. சொன்னாங்க. பெரும்பாலானது சீக்கிரமே விழுந்துடுச்சு. ஆனா மோதின வேகத்துல சில துண்டுகள் இன்னும் மேல தூக்கி வீசப்பட்டு, கடைசித் துண்டு விழ 2022 ஆயிடுச்சு. சீனா 2007ல 850 கி.மீ.க்கு மேல இதையே செஞ்சது. மூவாயிரத்துக்கும் அதிகமான துண்டுகள். நிறைய இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. பயிரையும் நீர்நிலைகளையும் படம் எடுக்கிற நம்ம ரிசோர்ஸ்சாட் பறக்கிறதும் ஏறக்குறைய அதே உயரத்துலதான்.

எங்க ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 919, 921, பராந்தக சோழன் காலம். எல்லாரும் குடவோலையைப் பத்திப் பேசுவாங்க; எனக்குப் பிடிச்சது ஏரி வாரியம். ஏரி பொதுச் சொத்து, அதனால அதைப் பார்த்துக்க வருஷா வருஷம் ஆள் தேர்ந்தெடுத்தாங்க. முன்னாடி வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவரு மறுபடி நிக்க முடியாது.

சாட்டிலைட் சுத்துற பாதையும் பொது ஏரிதான், ஆனா அதுக்கு வாரியம் இல்ல. இப்படி உடைக்கிற சோதனை வேண்டாம்னு 2022 டிசம்பர்ல ஐ.நா. பொதுச் சபையில 155 நாடுகள் ஓட்டுப் போட்டாங்க. இந்தியா ஓட்டுப் போடாம ஒதுங்கிடுச்சு. சட்டப்படி கட்டுப்படுத்துற ஒப்பந்தம்தான் வேணும்ங்கிறது நம்ம நிலைப்பாடு. அதுலயும் நியாயம் இருக்கு. ஆனா 2030க்குள்ள குப்பை போடாத விண்வெளிப் பயணம்னு 2024ல அறிவிச்ச நாடு, 'இனி உடைக்க மாட்டோம்'னு அதுக்கு முன்னாடியே சொல்லலாம்ங்கிறது என் கருத்து.

கேம்ல தோத்தா புது அக்கவுண்ட் திறந்துக்கலாம். மேல இருக்கிற ஏரி ஒண்ணே ஒண்ணுதான். உங்க கருத்தை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!